விளையாட்டை நிறுத்தியவள் நான்

தம்பி,

போன சனிக்கிழமை சாயங்காலம் நீயும் ஜெசிந்தாவும் செனாவாங்கில் உங்கள் வீட்டுக்குக் கிளம்பிப் போனதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துணியை ஊறப்போட்டுவிட்டு மறந்துபோகிறேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டாம் வாசகம் என் முறை. ஒரு வரியை விட்டு அடுத்த வரிக்குத் தாவிப் படித்துவிட்டு, யாராவது கவனித்தார்களா என்றுகூடப் பார்க்காமல் வந்து உட்கார்ந்துவிட்டேன். உனக்குப் போனில் சொல்லிவிடலாம் என்று வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு செய்து மூன்று தடவை அழித்தேன். அம்மா வாயைத் திறந்தால் எதுவும் ஏச்சாகத்தான் வருகிறது. எழுதினால் கை மெதுவாகப் போகும், கோபமும் மெதுவாகப் போகும் என்று நினைத்து, உன் பழைய பள்ளி நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இது உனக்கு எழுதுவதுதான். ஆனால் மூடி வைத்துப் படிக்க வேண்டியதில்லை. உன் பெண்டாட்டி ஜெசிந்தாவும் படிக்கட்டும். கல்யாணம் ஆனவர்கள், ஆகப்போகிறவர்கள், வேறு யார் கேட்டாலும் கொடு. இந்த வயதில் நான் மறைத்து வைக்க ஒன்றுமில்லை.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் என்ன நடந்தது என்பது உனக்கு ஞாபகம் இருக்காது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் அப்பா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நீ நாற்காலியில் உட்கார்ந்து போனில் தொழிற்சாலை ஷிப்டுக்கு ஆட்களை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாய். சமையல் முடிந்தது, எல்லாரையும் சாப்பிடக் கூப்பிடு என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவள் கதவுக்குப் பின்னால் தொங்கிய அப்பாவின் பழைய ஹெல்மெட்டை எடுத்துப் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டிக்கொண்டாள். மீன் குழம்புச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வருகிறவரைப் போல வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தாள். "ரொட்டி, ரொட்டி. பன்னு இருக்கு, கேக்கு இருக்கு, இன்னிக்கு மட்டும் மீன் கொழம்பும் இருக்கு லா." உன் அப்பா டிவியிலிருந்து தலையைத் திருப்பினார். நீயும் போனிலிருந்து தலையைத் தூக்கினாய். என்ன சொன்னாய் தெரியுமா? "நீ என்ன சின்னப் புள்ளையா? பெரிய மனுசியா நடந்துக்கத் தெரியாதா?"

அவள் உடனே சட்டியைக் கீழே வைத்து, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு "சாரி" என்றாள். கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் ஒரு வார்த்தை வாயில் வருகிறது என்றால் அதை அடிக்கடி சொல்லிப் பழகியிருக்கிறாள் என்று அர்த்தம். பிறகு எல்லாருக்கும் ஒழுங்காகப் பரிமாறினாள், ஒழுங்காகச் சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கோபம் இல்லை. இனிமேல் உடுத்தப் போவதில்லை என்று முடிவு செய்த சேலையை மடித்து அலமாரியின் அடியில் வைப்பதுபோல எதையோ உள்ளே மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் போன பிறகு உன் அப்பா கோழிகளை அடைக்க எழுந்தார். வாசலில் நின்று, "அந்தப் பொண்ணு அசல் ரொட்டிக்காரன் மாதிரியே கூவுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி, நீ பேசிய அந்த வார்த்தைகள் உன்னுடையவை இல்லை. அச்சு அசலாக அவை என்னுடையவை. இருபது வருஷத்துக்கு முன்னால் உன் அப்பாவை நிற்க வைத்து நான் சொன்னவை. நீ அப்போது பக்கத்தில்தான் நின்றாய்.

உன் அப்பா எப்படிப்பட்டவராக இருந்தார் என்பதை நீ எவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் பாமாயில் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். பார்க்கிறவர்களுக்கு முரட்டு ஆள். வீட்டுக்குள் வந்து குளித்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத நாட்களில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பாட்டுக்கடை ஆளாகி உன் முன்னால் வந்து நிற்பார். "வாங்க சார், ஒக்காருங்க. சோறு இருக்கு, வெறுஞ்சோறு இருக்கு, கொஞ்சம் ஆறிப்போன சோறும் இருக்கு. எது வேணும்?" நீ யோசித்து யோசித்து ஆறிப்போன சோறு கேட்பாய். அது முடிந்துவிட்டது, இப்போதுதான் கடைசித் தட்டு போனது என்பார். நீ பாயில் விழுந்து புரள்வாய். வானொலியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் இவர் பதில் வணக்கம் சொல்லி, சாப்பிட்டாயிற்றா என்று விசாரிப்பார். தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியைச் சொல்வதுபோல என்னை மண்டோர் என்று கூப்பிடுவார். நான் வெளியே போய்விட்டு வந்தால் மண்டோர் வந்துவிட்டார், எல்லாரும் வேலை செய்கிற மாதிரி நடியுங்கள் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, கையில் கிடைத்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கூரையைப் பெருக்குவார்.

எனக்கு அதெல்லாம் பிடிக்கவில்லை என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. சில நேரம் அடுப்படியில் திரும்பி நின்று, அவருக்குத் தெரியாமல் சிரித்திருக்கிறேன். ஆனால் வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று இருந்தேன். நான் வளர்ந்தது அப்படி. வீட்டில் அண்ணனைப் படிக்க வைப்பதற்காக என்னை ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்கள். பன்னிரண்டு வயதில் விடியற்காலையில் ரப்பர் பால்மரக் காட்டுக்குள் அம்மாவுக்குப் பின்னால் வாளியோடு நடந்தேன். அங்கே சிரிக்கிறவள் வேலை செய்யாதவள். பெரிய மனுஷி மாதிரி நட என்று என்னிடம் சொன்னபோது எனக்குச் சடை பின்னக்கூடத் தெரியாது. அண்ணன் படித்தான், செரம்பானில் கிராணியாக ஆபீஸ் வேலைக்குப் போனான், கார் வாங்கினான். என் படிப்பை வாங்கிக்கொண்டு போனவன் என்பதாலோ என்னவோ, அவன் என் குடும்பத்தை மதிக்க வேண்டும் என்பதில் எனக்குத் தீராத வெறி இருந்தது. லோரி ஓட்டுகிறவருக்கு என்னைக் கொடுத்ததில் அவனுக்கு ஒரு குறை இருந்தது. அது எனக்குத் தெரியும்.

இந்த இடத்தில் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பு எரியவே இல்லை. எழுத வேண்டிய இடம் வந்துவிட்டதால் எழுந்தேன், அவ்வளவுதான்.

உனக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொட்டுகிற மழை. வரிசையாக இருந்த தோட்டத்து லயத்து வீடுகளுக்கு முன்னால் ஓடிய கால்வாய் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. உன் அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கி, அவருடைய ஒரு செருப்பையும் உன்னுடைய ஒரு செருப்பையும் தண்ணீரில் விட்டுப் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வானொலியில் கால்பந்து சொல்கிறவர் மாதிரி உன் அப்பா உரக்கச் சொல்லிக்கொண்டே செருப்போடு கூட ஓடினார். அந்த நேரம் பார்த்து அண்ணனின் கார் லயத்துக்குள் வந்து நின்றது. அண்ணனும் அண்ணியும் குடையோடு இறங்கினார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு என்னிடம், "மாப்ள இன்னும் வளரவே இல்ல போல" என்றான். அண்ணி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

நான் மழையில் இறங்கினேன். லயமே பார்த்தது. "நீங்க என்ன சின்னப் புள்ளையா? பெரிய மனுசனா நடந்துக்கத் தெரியாதா?" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "ஒங்களப் பாத்தா எனக்கு வெக்கமா இருக்கு" என்றும் சொன்னேன். அவர் அப்படியே நின்றார். அவருடைய செருப்பு தண்ணீரோடு வளைவு தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க அவர் ஓடவில்லை. "சரி லா" என்றார், மழையில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. உள்ளே போய்த் துவட்டிக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்து லோரி, டயர், செம்பனை விலை என்று பேசினார். நீ காலைக் கழுவிக்கொண்டு வந்து, யாரும் சொல்லாமலே புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டாய். அண்ணன் போகும்போது உன் தலையைத் தடவி, பையன் பொறுப்பாக இருக்கிறான் என்றான். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஒரே நாளில் எல்லாம் நின்றுவிடவில்லை. நின்றிருந்தால் எனக்கே உறைத்திருக்கும். முதலில் சாப்பாட்டுக்கடை நின்றது. பிறகு வானொலிக்காரரோடு பேச்சு நின்றது. ஒரு நாள் அவர் என்னை மண்டோர் என்று சொல்லாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவழியாகத் திருந்திவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். தோட்டத்தை விட்டு இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்தோம். நான் செனாவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனேன். அவர் வரும்போது நான் பஸ் ஏறுவேன், நான் வரும்போது அவர் கிளம்பியிருப்பார். யார் அரிசி களைவது, யார் துணி எடுப்பது என்று காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டினோம். வீடு சத்தமில்லாமல் ஓடியது. நீயும் அப்படியே வளர்ந்தாய். பதிமூன்று வயதில் திடலுக்குப் பந்து விளையாடக் கூப்பிட்டவர்களிடம், வேர்க்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டாய். அதை என்னோடு வேலை செய்தவர்களிடம் பஸ்ஸில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் ஒருத்தி மட்டும், "அவன் வயசுல வேர்க்கலன்னா எப்ப வேர்க்கப் போவுது" என்றாள். பொறாமை பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் அப்பா வேலையை விட்டார். நானும் விட்டுவிட்டேன். இத்தனை வருஷம் ஒருவர் வாசலில் நுழைய ஒருவர் வெளியே போனவர்கள் ஒரே நேரத்தில் ஒரே வீட்டுக்குள் இருந்தோம். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எங்களுக்குள் பேச ஒன்றுமில்லை. மருந்து சாப்பிட்டீர்களா, கேஸ் தீர்ந்துவிட்டது, கோழிக்குத் தீனி போட்டாயா. இவ்வளவுதான். சண்டை இல்லை, குடி இல்லை, வெளியே சொல்ல ஒரு குறை இல்லை. ஆனாலும் காலையிலிருந்து பொழுது போகிறவரை அந்த வீட்டில் இருப்பது டாக்டர் அறை வாசலில் காத்திருப்பது மாதிரி இருந்தது.

காத்திருப்பது என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போன வருஷம் ரத்த அழுத்தம் பார்க்கக் கிளினிக் போனோம். நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு எதிரே ஒரு சீனக் கிழவரும் அவர் மனைவியும். இரண்டு பேருக்கும் எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். அறைக்கதவு திறந்து அடுத்து வெளியே வரப்போவது ஆணா பெண்ணா என்று அவர்கள் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தோற்கிறவர் கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கதவு திறந்தால் இரண்டு பேரும் எட்டிப் பார்ப்பார்கள், பை கைமாறும். ஒரு தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்தார். குழந்தை ஆணா பெண்ணா தெரியவில்லை. கிழவர் மனைவி எழுந்து போய்க் குழந்தையின் அப்பாவிடமே கேட்டுவிட்டு வந்து, பையைத் தூக்கிப் புருஷன் மடியில் வைத்தார். நான் தற்செயலாகத் திரும்பினேன். உன் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். பல் தெரிய இல்லை, கன்னம் மட்டும். எத்தனையோ வருஷமாக நான் பார்க்காத கன்னம் அது. குனிந்து அவரிடம் கேட்டேன், "அடுத்து வரப்போறது ஆம்பளையா பொம்பளையா, சொல்லுங்க." அவர் திடுக்கிட்டார். சுற்றிலும் பார்த்தார். "இங்க வேணாம்" என்றார். "ஆளுங்க பாக்கிறாங்க."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை என்னிடமே ஒப்பிக்கிறார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு அவசரம் பிடித்துக்கொண்டது. இழந்ததை எப்படியாவது திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். எப்போதும் எதையும் வேலையாகவே செய்து பழகியவள், இதையும் வேலையாகவே செய்தேன். ஒரு நாள் காலையில் அவருடைய மூக்குக் கண்ணாடியை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன். தேடுவார், நான் சிரிப்பேன், அவரும் சிரிப்பார் என்று கணக்குப் போட்டேன். அவர் தேடினார். அலமாரி, குளியலறை, கோழிக்கூடு வரைக்கும் போய்ப் பார்த்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. கடைசியில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார், "எனக்கும் எங்க அண்ணனுக்கு வந்த மாதிரி வந்துருச்சா?" உன் பெரியப்பா கடைசிக் காலத்தில் ஞாபகம் தப்பி, கோலா சாவா ரோட்டில் எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தது உனக்கும் தெரியும். நான் ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஏசவில்லை. அரிசித் தூசியைச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவரைப் பயப்பட வைத்துவிட்டு, சும்மா விளையாட்டுக்கு என்று சொல்வது விளையாட்டில் சேராது. இரண்டு பேருமே உள்ளே இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் சிரித்தால் அதற்கு வேறு பெயர்.

பிறகு கேரம் பலகை வாங்கினேன். திங்களும் வியாழனும் சாயங்காலம் ஐந்து மணிக்கு விளையாடுவது என்று வைத்தேன். அவர் மரியாதைக்கு உட்கார்ந்தார். காயைத் தட்டிவிட்டு, முடிந்ததா, டிவி போடலாமா என்று கேட்டார். நீங்கள் இரண்டு பேரும் போர்ட்டிக்சனுக்குப் போய்வந்து படம் அனுப்பினீர்களே, அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் கேரம் பலகைதான் ஞாபகம் வந்தது. கடற்கரை அழகாக இருந்தது. அறையும் நன்றாக இருந்தது. அதில் ஒரு படத்தில் பின்னால் கண்ணாடியில் நீ தெரிந்தாய், போனைப் பார்த்துக்கொண்டு. லீவு போட்டு, அறை எடுத்து, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை சந்தோஷம் என்று எழுதி வைத்தால் அது வராது, தம்பி. துணி மடிக்கும்போது வரும். மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் வரும். மீன் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் வரும். வருகிற நேரத்தில் அதை விரட்டாமல் இருந்தால் போதும்.

ஆனால் கேரம் பலகை ஏன் பலிக்கவில்லை என்பது எனக்குப் போன சனிக்கிழமை வரை புரியவில்லை. உன் வாயிலிருந்து என் வார்த்தை வந்தபோதுதான் புரிந்தது. நான் அவரிடம் மன்னிப்பே கேட்கவில்லை. பூட்டியது நான், சாவி என்னிடம், அவரைப் போய் ஏன் வெளியே வரமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பாதி நெத்திலி முடிந்துவிட்டது. கடைசியில் சொன்னேன்.

"அன்னிக்கு மழையில, எங்க அண்ணன் முன்னால, நான் ஒங்கள அப்படிப் பேசினது தப்புங்க."

"எந்த மழை?" என்றார்.

"செருப்பு விட்டீங்களே."

அவர் கை நிற்கவில்லை. இன்னும் நாலைந்து தலையைக் கிள்ளிப் போட்டார். "இருவது வருசம் ஆச்சு. இப்ப எதுக்கு?"

"சனிக்கெழம தம்பி பேசினதக் கேட்டீங்கல்ல. அது என் வாய்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதை உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று நான்கு நாளாக யோசித்தேன். எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும். அவர் சொன்னார், "நீ சொன்னதுக்காக மட்டும் நான் நிறுத்தல. பையன் என்னப் பாத்தான். அவன் மொகத்துலயும் வெக்கம் இருந்துச்சு. அதப் பாத்துட்டு என்னால முடியல."

இதைப் படித்துவிட்டு நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதே. உனக்கு ஒன்பது வயது. என் முகத்தைப் பார்த்து நீ அதைப் போட்டுக்கொண்டாய். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் நீ சேறு தெறிக்க அவர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தவன். வெட்கப்பட வேண்டும் என்று நான்தான் உனக்குக் காட்டிக்கொடுத்தேன். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். கையெல்லாம் நெத்திலி, கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை. அவர் எழுந்து துண்டை எடுத்து வந்து கொடுத்தார். பிறகு உட்கார்ந்து வேலையைத் தொடர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார், "அந்தச் செருப்பு ஜெயிச்சிருக்கும். நல்லா முன்னால போயிருந்துச்சு."

செவ்வாய், புதன் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கோ பொறுக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு இப்படிப் பார்க்கிறாய் என்று அவரே ஒரு தடவை கேட்டுவிட்டார். நேற்று சாயங்காலம் மோட்டாரில் மீன் வாங்கப் போனோம். திரும்பும்போது நம் தாமான் முகப்பில் இருக்கிற புலாத்தான் ரவுண்டானாவில் வளைந்தார். நம் பக்கத்துப் பாதை வந்தது, திரும்பாமல் நேராகப் போனார். வட்டத்தை முழுவதும் சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வந்தார், மறுபடியும் திரும்பவில்லை. எனக்குப் பகீரென்றது. உன் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. "வழி மறந்துட்டீங்களா?" என்று அவர் முதுகைத் தட்டிக் கேட்டேன். மூன்றாவது சுற்றில் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அந்தக் கன்னம் தெரிந்தது. "மறக்கல," என்றார். "சும்மா சுத்துறேன்."

பின்னால் வந்த லோரிக்காரர் ஹாரன் அடித்தார். எதிரே ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். அதில் நமக்குத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். பழைய வெட்கம் கழுத்து வரை ஏறியது. இறக்கிவிடுங்கள், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். அந்த ஒரு நொடி எவ்வளவு நீளம் தெரியுமா? அறுபது வயதுக்கு மேல் ஒரு பழக்கத்தை மாற்றுவது துப்ப வந்த எச்சிலை விழுங்குவது மாதிரி. விழுங்கினேன். "இன்னொரு சுத்து" என்றேன். அவர் சாய்ந்து வளைத்தார். மீன் பையிலிருந்து தண்ணீர் என் பாவாடையெல்லாம் ஒழுகியது. நான் சத்தமாகச் சிரித்தேன். அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொள்ள வழியில்லை, நடு ரோடு.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் வழக்கம்போல டிவி போட்டார். நான் மீன் கழுவினேன். ஒரு சாயங்காலத்தில் இருபது வருஷம் திரும்பி வராது. இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்றும் தெரியாது. அதனால்தான் எனக்கு நிலைகொள்ளவில்லை. எனக்காக மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வேன். ஜெசிந்தா நம் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் உன்னை என்னென்ன பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும், அவளே சொல்லியிருக்கிறாள். இப்போது அவள் உன்னை எப்படிக் கூப்பிடுகிறாள் என்று யோசித்துப் பார். பேர் சொல்லி மட்டும் கூப்பிடுகிறாள் என்றால் சந்தோஷப்படாதே.

நீ பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டுக் களைத்து வருகிறாய் என்று தெரியும். நானும் அதே தொழிற்பேட்டையில் நின்றவள்தான். களைப்பு வந்தால் கண்ணை மூடிப் படுத்துக்கொள். அதை ஒரு காரணமாக வைத்து அவளை அடக்காதே. எனக்காவது அன்றைக்கு அண்ணன் நின்றான், லயம் நின்றது என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. உன் அப்பாவும் நானும் மட்டும் இருந்த வீட்டில் நீ யாருக்கு வெட்கப்பட்டாய்? இதைப் படித்து முடித்ததும் அவளிடம் மன்னிப்புக் கேள். எதுவும் வாங்கிக்கொண்டு போகாதே. அறை எடுக்காதே. என்ன சொன்னாய், எப்போது சொன்னாய் என்று குறிப்பிட்டுச் சொல்லிக் கேள், சும்மா பொதுவாகக் கேட்காதே. அவள் உடனே சிரிக்கமாட்டாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள். என்னைப்போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்காதே. பக்கத்தில் இரு. என்றைக்காவது ஒரு நாள் அவள் ஏதாவது கிறுக்குத்தனம் செய்வாள். அப்போது நீ போனைக் கீழே வைத்துவிட்டு உள்ளே இறங்கு. எப்படி என்று தெரியாவிட்டால் அவளிடமே கேள். அதில் அவளுக்குத்தான் அனுபவம் அதிகம்.

இன்னும் இரண்டு பக்கம் எழுத இருக்கிறது. முடியவில்லை. உன் அப்பா வெளியே நின்று அரை மணி நேரமாக என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டேன், சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வரச் சொல்கிறார். இந்த வயதில் கண்ணை மூடிக்கொண்டு வாசற்படி இறங்கினால் இடுப்பு ஒடியும் என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வா, மூன்றாவது படியில் நான் நிற்கிறேன் என்கிறார். போகிறேன்.

அம்மா